சனிக்கிழமை கேட்கப்பட்ட கேள்விக்கு என் பதில்

கிடங்கு வேலையை இழந்து, வேலையின்மைத் தொகையும் மறுக்கப்பட்ட நம் சகோதரி ஒருவரின் வழக்குச் செலவுக்குச் சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் பணம் கேட்டோம். அங்கே நடந்ததை அத்தோடு விட்டுவிடும்படி சில நண்பர்கள் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. அந்தச் சகோதரி சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, அவர் காதுபடவே, “அரசாங்கத்திடம் இலவசப் பணம் வாங்குவதற்கு நாம் எதற்கு வழக்குச் செலவு கொடுக்க வேண்டும்?” என்று ஒருவர் கேட்டார், இருவர் சிரித்தார்கள். கேட்டவர் படித்தவர், மிச்சிகனில் என்னைவிட நெடுங்காலம் வாழ்ந்தவர். தெரியாமல் கேட்டுவிட்டார் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அது இலவசப் பணம் அல்ல. நாம் ‘அன்எம்ப்ளாய்மென்ட்’ என்று சொல்வது ஒரு காப்பீடு. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்தையும் கணக்கிட்டு நிறுவனம் வரி கட்டுகிறது. வேலை போனால் அந்த நிதியிலிருந்து அவருக்குத் தொகை வருகிறது. ஒரு நிறுவனத்தின் பழைய ஊழியர்கள் அதிகமாக இத்தொகையைப் பெற்றால் அதன் வரிவிகிதம் ஏறும். ஆகவேதான் சில நிறுவனங்கள் ஒவ்வொரு மனுவையும் எதிர்த்து நிற்கின்றன. தொகையும் பெரிதல்ல. மிச்சிகன் சட்டப்படி வாரத்துக்கு அதிகபட்சம் 362 டாலர் என்று 2002-இல் வைத்தது, 2025 வரை உயரவே இல்லை. அதைக்கொண்டு இங்கு யாரும் சொகுசாக வாழ்ந்ததில்லை.

அந்தச் சகோதரியின் வழக்கு பலருக்குத் தெரியும் என்றாலும், தெரியாதது போலப் பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். தொடர்ந்து மூன்று வேலைநாட்கள் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் வராதவர், தானாக வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்று மிச்சிகன் சட்டம் சொல்கிறது. மகன் மருத்துவமனையில் இருந்த அந்த நாட்களில் இவர் தினமும் அதிகாலையில் மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். முதல் செய்திக்குக் கீழே அந்த மேற்பார்வையாளர் இட்ட கட்டைவிரல் குறி இன்றும் இருக்கிறது. சகோதரியின் அலைபேசியில் நானே பார்த்தேன். குறுஞ்செய்தி செல்லாது, தனித் தொலைபேசி எண்ணில் அழைத்திருக்க வேண்டும் என்கிறது நிறுவனம். ஆனால் தெரிவிக்கும் முறையை வேலையில் சேரும்போதே ஊழியருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இவரிடம் யாரும் சொல்லவில்லை. நிர்வாக நீதிபதியும் அதற்கு மேலுள்ள மேல்முறையீட்டு ஆணையமும் சட்டத்தின் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். இனி சர்க்யூட் நீதிமன்றம்தான். ஆணை வந்த 30 நாட்களுக்குள் போயாக வேண்டும். அங்கே புதிய சாட்சியம் எடுக்க மாட்டார்கள், ஏற்கெனவே பதிவானதை வைத்துச் சட்டத்தைத்தான் வாதிட வேண்டும். கிடங்கில் பெட்டி தூக்கிப் பிழைத்த பெண் அதைத் தனியாகச் செய்ய முடியுமா? வழக்கறிஞர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். நாம் கேட்டது அவ்வளவுதான்.

இதை நான் ஊர்க்கதையாகச் சொல்லவில்லை. 2009-இல், கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்தடுத்துத் திவால் மனு கொடுத்த ஆண்டில், உதிரிபாகம் வடிவமைக்கும் நிறுவனமொன்றில் எனக்கும் வேலை போயிற்று. வேறு மாநிலத்துக்கு மாற்றலாக மறுத்ததால் நானாகவே விலகிவிட்டேன் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. விசாரணை தொலைபேசியில் நடந்தது. எதிர்த்தரப்பில் பேசியவர், இப்படிப்பட்ட விசாரணைகளில் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர். என் பக்கம் சமையலறை மேசையும் ஒரு கோப்பும் மட்டுமே இருந்தன. ஆவணங்களை நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லி, உறையில் முகவரி எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டிலிருந்த, தொழிற்சங்கத்தில் நெடுநாள் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். நம்மவர் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்குத் தெரியக் கூடாதென்று காலையில் மதிய உணவுப் பையோடு காரை எடுத்துக்கொண்டு போய் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

“நியாயம் அவர் பக்கம் இருந்தால் மாநில வேலையின்மைக் காப்பீட்டுத் துறையே கொடுத்திருக்குமே” என்கிறார்கள். இதே மாநிலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? 2013 அக்டோபரில் மிடாஸ் என்ற கணினி அமைப்பைத் துறை கொண்டுவந்தது. காலாண்டுச் சம்பளத்தை வாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப்போட்டு, தொகை வாங்கிய வாரங்களிலும் சம்பாதித்ததாகக் கொண்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று அது மனிதர்களை மோசடிக்காரர்களாக்கியது. விளக்கம் கேட்ட கேள்விகள், பலர் திறந்தே பார்க்காத இணையக் கணக்குகளுக்குப் போயின. பதிலளிக்கப் பத்து நாள் அவகாசம். பெற்ற தொகையோடு அதைப்போல் நான்கு மடங்கு அபராதமும் வட்டியும் விதித்து, சம்பளத்திலும் வருமானவரித் திருப்பத்தொகையிலும் பிடித்தார்கள். கணினி மட்டுமே முடிவுசெய்த 22,427 வழக்குகளைப் பின்னர் துறையே மறுபடி பார்த்தபோது 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது, துறை கொடுத்ததா? பிடுங்கியது.

அதைத் திருப்பி வாங்கியது நீதிமன்றத்தில்தான், அதுவும் தனியாக அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் இலவசமாக வாதாடினார்கள். 2015-இல் வாகனத் தொழிலாளர் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்கள் துறை மீது தொடுத்த பாசர்மன் வழக்கு தொடங்கியது. காலக்கெடு தாண்டிவிட்டது என்று நடுவில் தள்ளுபடியானது, மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உயிர்ப்பித்தது, அரசமைப்பு உரிமையை மீறிய மாநில அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 2022-இல் தீர்ப்பளித்தது, அதன் பிறகுதான் 2 கோடி டாலருக்குச் சமரசம் வந்தது. ஏழு ஆண்டுகள். பின்னால் நிற்க ஆளில்லாத ஒருவர் ஏழு ஆண்டுகள் தாங்குவாரா?

“ஒருத்தியின் வழக்கால் யாருக்கு என்ன பயன்” என்பவருக்கு: தென் கரோலினாவில் ஷெர்பர்ட் என்ற ஆலைத் தொழிலாளி, தன் மதநம்பிக்கைப்படி சனிக்கிழமை வேலை செய்ய மாட்டேன் என்றதால் இத்தொகை மறுக்கப்பட்டார். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்த நாட்டில் மதச் சுதந்திரம் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அந்தத் தீர்ப்பைத் தொடாமல் போக முடியாது.

இத்தொகையை வாங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்று கிளப்பிவிடுவது பொய். இந்தக் காப்பீட்டை அரசை அண்டி வாழ்வதாகக் குடியேற்றத் துறையே கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே ஒரு ஆட்சேபம்தான் என்னை யோசிக்க வைத்தது. “நான் எச்-1பி வேலை விசாவில் இருந்து வேலை இழந்தபோது 60 நாளில் மூட்டை கட்டு என்றார்கள், எனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை, யாரும் வசூல் செய்யவும் இல்லை” என்று ஒரு தம்பி குரல் நடுங்கச் சொன்னார். உண்மைதான் தம்பி. உங்கள் சம்பளத்தின் மீதும் நிறுவனம் வரி கட்டியது, கைக்குக் கிடைக்கவில்லை. அன்று உங்கள் வீட்டு வாசலுக்கு நாங்கள் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு நடந்த அநியாயத்தைக் காட்டி இவருக்கு நடப்பதை நியாயப்படுத்தாதீர்கள். சிரித்தவர்களில் நீங்கள் இல்லை என்பதையும் நான் பார்த்தேன்.

மற்றவர்களிடம் கேட்கிறேன்: இதே சகோதரி மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருந்து வேலை இழந்திருந்தால் சிரித்திருப்பீர்களா? கோயில் ராஜகோபுரத்துக்கு வசூலித்தோம், நடிகர் வருகைக்கு வசூலித்தோம். எவரும் கணக்குக் கேட்கவில்லை. கிடங்கில் வேலை செய்த பெண் என்றதும் எல்லோருக்கும் சட்டமும் சிக்கனமும் ஞாபகம் வந்துவிட்டது. பொங்கல் விழாவுக்கு ஐம்பது பேருக்கு வடை சுட்டுக் கொடுத்தபோது அவர் நம்மவராகத்தானே இருந்தார்?

மேல்முறையீடு இந்த மாத இறுதிக்குள் தாக்கலாகும். பணம் சங்கக் கணக்கில் சேராது. நேராக வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்குக்குப் போகும், ரசீது வரும். மீதமிருந்தால் அடுத்து மறுக்கப்படும் ஒருவருக்கு அதைப் பயன்படுத்த அந்தச் சகோதரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடுக்க விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டவர் பணம் தர வேண்டாம். அந்தச் சகோதரியிடம் நேரில் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும்.