கூட்டல் குறி 2011-லேயே போய்விட்டது
கூகுளில் தேடும் உத்திகளைச் சொல்லும் ஒரு கட்டுரை, ஒரு சொல்லுக்கு முன் கூட்டல் குறி (+) போட்டால் கூகுள் அதைக் கட்டாயமாகத் தேடும் என்கிறது. அந்த வசதியை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலைக்கு இரட்டை மேற்கோள் குறிதான். ஒற்றைச் சொல்லுக்கும் போடலாம். மேற்கோளுக்குள் உள்ள நிறுத்தற்குறிகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு சொல்லை விலக்கப் போடும் கழித்தல் குறியில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறிக்கு முன் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. பின்னால் இடைவெளி விட்டால் விலக்க நினைத்த சொல்லையும் சேர்த்தே தேடும். ஒரே தளத்துக்குள் தேடும் சைட் (site:), ஒரே வகைக் கோப்பைத் தேடும் ஃபைல்டைப் (filetype:) கட்டளைகளுக்கும் (ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்) இதே கதை: முக்காற்புள்ளியை (:) ஒட்டியே தள முகவரியோ கோப்பு வகையோ வர வேண்டும்.

பழைய செய்தி தேட, ஒரு தேதிக்கு முன், பின் என்று எல்லை வைக்கும் பிஃபோர் (before:), ஆஃப்டர் (after:) கட்டளைகள் நல்லவை, ஆண்டு மட்டும் கொடுத்தாலே போதும். ஆனால் தேதி கூகுளின் கணிப்பு. பழைய பக்கத்தைப் பின்னர் யாராவது திருத்தியிருந்தால் புதியதாகக் காட்டக்கூடும். அதனால் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது நல்லது.

கூகுள் முடிவுகளின் தரம் குறைந்துவிட்டது என்று பலர் புலம்புவது நியாயமே. விளம்பரமும் ஏஐ சுருக்கமும்தான் முதல் திரையை அடைத்துக்கொள்கின்றன. 2024-ல் வந்த 'வெப்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தால் ஏஐ சுருக்கம் மறைந்து வெறும் இணைப்புகள் வரும். முதல் வரிசையில் தெரியாவிட்டால் 'மோர்' பட்டியலில் பாருங்கள். தட்டிய சொல்லைக் கூகுள் தானாக மாற்றினால், டூல்ஸ் அழுத்தி 'ஆல் ரிசல்ட்ஸ்' இருக்கும் இடத்தில் 'வெர்பேட்டிம்' தேர்ந்தெடுக்கவும்.