செருப்பு எங்கே?

(ஞாயிற்றுக்கிழமை காலை. சேகர் போனில் பேசி முடிக்கிறார். பேசியது மேலதிகாரியோடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குரலே இஸ்திரி போட்டு மடித்தது போல இருக்கிறது. மீனா உள்ளே இருந்து எட்டிப் பார்க்கிறார்.)

மீனா: ஏங்க, யார் வந்திருக்கிறார்கள்?

சேகர்: யாரும் வரவில்லையே.

மீனா: யாரோ பெரிய மனிதர் பேசுகிற மாதிரி கேட்டதே. காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டேன்.

சேகர்: நான்தான் பேசினேன்.

மீனா: நீங்களா? அந்த ஆள் "மிக்க மகிழ்ச்சி சார்" என்றார். உங்கள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

சேகர்: (பேச்சை மாற்றி) ராத்திரி நீ தூங்கின பிறகு ஒரு படம் பார்த்தேன். மை ஃபேர் லேடி. லண்டனில் ஒரு பூக்காரப் பெண், எலைசா. வாயைத் திறந்தால் தெருச்சண்டைதான். ஹிக்கின்ஸ் என்று ஒரு பேராசிரியர். ஆறே மாதத்தில் இவள் பேச்சை மாற்றி, சீமாட்டி என்று ஊரை நம்ப வைக்கிறேன் என்று பந்தயம் கட்டுகிறார். ஜெயித்தும் விடுகிறார். என்ன மூளை அந்த மனுஷனுக்கு!

மீனா: பாடம் படித்தது யார்?

சேகர்: அவள்.

மீனா: விருந்துக்குப் போய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினது?

சேகர்: அவள்தான்.

மீனா: பாஸானது மட்டும் அவராக்கும்.

சேகர்: படம் பார்க்காமலே நீ எப்படி...

மீனா: எங்களுக்குக் காலேஜில் அது பாடம். பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் நாடகம். 1913-ல் முதலில் மேடையேறினது லண்டனில்கூட இல்லை, வியன்னாவில். அதுவும் ஜெர்மன் மொழியில்.

சேகர்: இங்கிலீஷ் உச்சரிப்பைப் பற்றிய நாடகம், ஜெர்மனிலா?

மீனா: நானும் அதைத்தான் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் டீச்சர்.

சேகர்: ஆனால் இது பாட்டுப் படம் ஆயிற்றே. நாடகத்திலும் பாட்டு உண்டா?

மீனா: ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு நாடகமாக்கத் தருகிறீர்களா என்று எத்தனையோ பேர் கேட்டும் ஷா மசியவில்லை. 1950-ல் இறந்தார். 1956-ல் பாட்டோடு மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதைத்தான் 1964-ல் படமாக்கினார்கள், நீங்கள் பார்த்தது அது. மனுஷன் கண்ணை மூடக் காத்திருந்து தாளம் போட்டிருக்கிறார்கள்.

சேகர்: எது எப்படியோ, ஹிக்கின்ஸ் பெரிய மனசுக்காரர். ஒரு பூக்காரிக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

மீனா: அவள் சும்மா வரவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு ஷில்லிங், அந்தக் காலத்து இங்கிலீஷ் சில்லறைக் காசு, தருகிறேன் என்று வந்தாள். அவளுக்கு ஒரு நாள் வருமானமே இரண்டரை ஷில்லிங்தான். ஐந்தில் இரண்டு பங்கு! ஒரு கோடீஸ்வரன் அதே கணக்கில் கொடுத்தால் ஒரு பாடத்துக்கு அறுபது பவுண்டு வரும் என்று ஹிக்கின்ஸே சொல்கிறார்.

சேகர்: அட, அப்படியென்றால் அவளை மதித்திருக்கிறார்.

மீனா: கணக்கை மதித்தார். பிறகு அவளை வேலைக்காரியிடம் கொடுத்துக் குளிப்பாட்டி, போட்டிருந்த துணியை எரிக்கச் சொன்னார். அவளுடைய அப்பன் வந்து ஐந்து பவுண்டுக்கு மகளை விட்டுவிட்டுப் போனான்.

சேகர்: அந்த ஆள் வருகிற இடம் எனக்குப் பிடித்தது. பத்துப் பவுண்டாக வைத்துக்கொள் என்றால் வேண்டாம் என்கிறான்!

மீனா: பத்து என்றால் சேர்த்து வைக்கத் தோன்றும், நிம்மதி போய்விடும். ஐந்து என்றால் ஒரே மூச்சில் குடித்துவிடலாம். நாடகத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவன் அவன் ஒருத்தன்தான், அவனும் மகளை விற்க வந்தவன்.

(பால் பொங்கும் சத்தம். மீனா ஓடிப்போய்த் திரும்புகிறார். சேகர் அதற்குள் சோபாவுக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கியிருக்கிறார்.)

சேகர்: குதிரைப் பந்தயத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவார்களே, அதில் வயிறு வலிக்கச் சிரித்தேன். உச்சரிப்பு மணி மாதிரி. பேசுகிற விஷயம் மட்டும், அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று!

மீனா: நாடகத்தில் அது ஹிக்கின்ஸ் அம்மா வீட்டு டீ விருந்து. தட்பவெப்பத்தையும் உடல்நலத்தையும் தவிர வேறு எதையும் பேசாதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். இன்ஃபுளுயன்சா என்ற வார்த்தை வந்ததும் போச்சு, எலைசா ஆரம்பித்துவிடுகிறாள். என் அத்தை இன்ஃபுளுயன்சாவில் செத்ததாகச் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. டிஃப்தீரியாவிலேயே பிழைத்த பொம்பளை அவள். எனக்கு வரவேண்டிய அவளுடைய புதுத் தொப்பி எங்கே போயிற்று, அதைத் திருடினவன்தான் ஆளையும் தீர்த்திருப்பான் என்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் அரண்மனைச் சுத்தம்.

சேகர்: அங்கேயே மாட்டியிருக்க வேண்டும்.

மீனா: மாட்டினாளா? அதுதான் புதுப் பாணிப் பேச்சு என்று ஹிக்கின்ஸ் ஒரு வார்த்தை விட்டார். எல்லாரும் நம்பினார்கள். போகிறபோது அவள் சொன்ன ஒரு கெட்ட வார்த்தையை அங்கிருந்த இன்னொரு பெண் அப்படியே பிடித்துக்கொண்டு தானும் சொல்லிப் பார்க்கிறாள். நாகரிகமாக இருக்கிறதாம்!

சேகர்: (தலை சோபாவுக்கு அடியில்) அப்படியென்றால் அவள் ஏமாற்றவே இல்லை. அவர்களாகவே ஏமாந்தார்கள்.

மீனா: தலையைக் கீழே விட்டால்தான் உங்களுக்கு ரத்தம் ஓடுகிறது போலிருக்கிறது. பெரிய விருந்தில் ஒரு ஹங்கேரிக்காரன் வருகிறானே, போலிகளைக் கண்டுபிடிப்பதில் நிபுணன் என்று?

சேகர்: ஆமாம், இவள் போலி என்று கண்டுபிடித்துவிடுகிறான். ஹங்கேரி ராஜகுமாரி என்கிறான்.

மீனா: எப்படிக் கண்டுபிடித்தான்? அவள் இங்கிலீஷ் அவ்வளவு சுத்தமாக இருந்ததாம். எந்த இங்கிலீஷ்காரி இங்கிலீஷை ஒழுங்காகப் பேசுகிறாள், சொல்லிக் கொடுத்துப் படித்த வெளிநாட்டுக்காரிதான் அப்படிப் பேசுவாள் என்கிறான்.

சேகர்: (வெளியே வந்து) அப்புறம் அந்தப் பாட்டுகள். எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் குரல் என்ன குரல்!

மீனா: அது அவர் குரல் இல்லை.

சேகர்: என்ன?

மீனா: பெரும்பாலும் பாடினது மார்னி நிக்சன். பின்னணி.

சேகர்: அதில் என்ன தப்பு? நம் படங்களில் கதாநாயகிகள் பாடுவதெல்லாம் பின்னணிதானே.

மீனா: நம் படத்தில் பாடகி பேரைப் போடுவார்கள். அங்கே போடவில்லை. ஒரு பெண் குரலை மாற்றி ஊரை ஏமாற்றுகிற கதை. அதைப் பெண் குரலை மாற்றி ஊரை ஏமாற்றி எடுத்திருக்கிறார்கள்.

சேகர்: மேடையில் யார் பாடினது?

மீனா: ஜூலி ஆண்ட்ரூஸ். சொந்தக் குரல். சினிமாவில் பேர் இல்லாதவர் என்று படத்தில் சேர்க்கவில்லை. படத்துக்கு எட்டு ஆஸ்கார், ஹிக்கின்ஸாக நடித்தவருக்கும் ஒன்று. ஹெப்பர்னைப் பரிந்துரைக்கக்கூட இல்லை. அந்த வருஷம் சிறந்த நடிகை யார் தெரியுமா? வேறு படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸ்.

சேகர்: (பெருமூச்சு விட்டு) கடைசியில் அவள் ஹிக்கின்ஸிடமே திரும்பி வருகிறாளே. காதல் ஜெயித்தது. அதுவாவது நிஜம்தானே?

மீனா: நாடகத்தில் வரமாட்டாள். கையுறை வாங்கி வா, டை வாங்கி வா என்று அவர் பட்டியல் சொல்கிறார். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். 1914-ல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்தவர் கடைசிக் காட்சியில் அவள்மேல் பூவைத் தூக்கிப் போட்டுக் காதலாக்கிவிட்டார். ஷாவுக்கு வந்த கோபம்! அவள் தன்னையே சுற்றி வந்த ஃபிரெட்டி என்ற பையனைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று பின்னுரையே எழுதினார்.

சேகர்: எழுதியும்?

மீனா: 1938-ல் முதல் இங்கிலீஷ் படம். அதிலும் திரும்பி வர வைத்தார்கள். அந்தத் திரைக்கதைக்கு ஷாவுக்கே ஆஸ்கார் வேறு கொடுத்தார்கள்.

சேகர்: அவள் வந்து நிற்கிறாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டு, "என் செருப்பு எங்கே?" என்கிறார். அந்த ஸ்டைலைப் பார்க்க வேண்டுமே!

(போன் அடிக்கிறது. சேகர் நிமிர்ந்து உட்கார்கிறார், சட்டைப் பொத்தானைப் போடுகிறார். போனில் அது தெரியாது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.)

சேகர்: வணக்கம் சார்... தாராளமாக சார்... பத்து நிமிடத்தில் அங்கே இருப்பேன் சார். மிக்க மகிழ்ச்சி சார். (வைத்துவிட்டு) மீனா! என் செருப்பு எங்கேடி?

(பதில் இல்லை. சேகர் யோசிக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, போன் குரலை எடுக்கிறார்.)

சேகர்: மீனா அவர்களே, என் செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிவித்தால் மிக்க மகிழ்ச்சி அடைவேன்.

(உள்ளே இருந்து ஒரு செருப்பு பறந்து வந்து சோபாவில் விழுகிறது.)

சேகர்: ஒன்றுதானே வந்தது?

மீனா: நாடகத்தில் அவள் இரண்டையும் வீசுவாள். படத்துக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.