ஃபைல் பெயர் 'கிட்டத்தட்ட' ஞாபகம் இருப்பவர்களுக்கு

போன வாரம் ஒரு பழைய ரசீதைத் தேடியே அரை மணி நேரம் போய்விட்டது. பெயரில் 'ரிசீட்' (receipt) என்ற ஆங்கிலச் சொல் இருப்பது உறுதி. கட்டளை அடிக்கும் டெர்மினலில், ஃபைல் தேடும் ஃபைண்ட் (find) போட்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காத ஐநேம் (-iname) தெரிவைச் சேர்த்து, சொல்லின் இரு பக்கமும் 'எதுவும் வரலாம்' என்று சொல்லும் நட்சத்திரம் வைத்து, மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள் அடைத்துத்தான் தேடினேன். (மேற்கோள் விட்டுப்போனால் ஃபைண்டின் கைக்குப் போகும் முன்பே, கட்டளையை முதலில் படிக்கும் ஷெல் அந்த நட்சத்திரத்தை ஃபைல் பெயர்களாக விரித்துவிடக்கூடும். பல பேர் 'ஃபைண்ட் வேலை செய்யவில்லை' என்று புலம்புவது இதனால்தான்.) ஒன்றும் வரவில்லை. முன்பே தொகுத்த பட்டியலில் தேடும் லொக்கேட்டும் (locate) கைவிரித்தது. சரி, அடிக்க அடிக்கப் பட்டியலைச் சுருக்கும் நம்ம எஃப்இசட்எஃப் (fzf) இருக்கிறதே என்று அதைத் திறந்தால், அங்கேயும் பூஜ்யம்.

கடைசியில் தேதியை வைத்துத்தான் பிடித்தேன். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சேமிக்கும்போதே 'சி'க்குப் பின்னால் வரவேண்டிய இ-யையும் ஐ-யையும் இடம் மாற்றி அடித்து வைத்திருக்கிறேன்.

எனக்குக் குறை எஃப்இசட்எஃப் மேல் இல்லை. ஜூன்கூன் சோய் 2013-இல் எழுதிய அந்தக் கருவி இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. குறையெல்லாம் 'ஃபஸி' (fuzzy, அதாவது தோராயமான) என்று அதற்குள்ள பட்டப்பெயர் மேல்தான். அதைக் கேட்டதும் தப்பாக அடித்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அது பார்ப்பதோ, நாம் அடித்த எழுத்துகள் அதே வரிசையில் பெயருக்குள் வருகின்றனவா என்று மட்டும். நடுவில் எத்தனை எழுத்தை விட்டாலும் மன்னிக்கும். ஓர் எழுத்து மாறினால் மன்னிக்காது.

எழுத்து மாறுவதை மன்னிக்கும் கணக்கு வேறு, அதற்கு வயதும் அதிகம். எழுத்துப் பிழைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் நான்கே வகையில் அடங்கும் என்று கணினி ஆய்வாளர் டாமரோ 1964-இலேயே எழுதினார்: ஓர் எழுத்து கூடும், குறையும், மாறும், அல்லது பக்கத்து எழுத்தோடு இடம் மாறும். அடுத்த ஆண்டே சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை திருத்தம் தேவை என்று எண்ணும் முறையைத் தந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுன் வூவும் ஊடி மான்பரும் ஏகிரெப் (agrep) என்ற தேடல் கருவியை எழுதி, 'இத்தனை பிழை வரை பரவாயில்லை' என்று கட்டளையிலேயே சொல்ல வழி செய்தார்கள். ஃபைண்டின் பட்டியலை, ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குத் தரும் குழாய் (pipe) வழியே ஏகிரெப்புக்கு அனுப்பி, இரண்டு பிழை அனுமதித்திருந்தால் என் ரசீது உடனே வந்திருக்கும். ஒன்று போதாது, ஏனென்றால் இடமாற்றத்தை அது இரண்டு பிழையாக எண்ணும். ஆனால் நாலெழுத்துச் சொல்லுக்கு இரண்டு பிழை கொடுத்துப் பாருங்கள், பாதி டிஸ்க் வந்து நிற்கும்.

இத்தனை வருடமாகியும் இது ஃபைண்டுக்குள்ளேயே ஒரு தெரிவாக வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எஃப்இசட்எஃப்-இல் நான் குறைவாக அடிக்கிறேன். முழுச் சொல் வேண்டாம், ஆர்-சி-பி-டி (rcpt) போதும். தடுமாறுவது பெரும்பாலும் உயிரெழுத்துகளில்தானே, அவற்றை அடிக்காவிட்டால் தப்பும் இல்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பெயராக வைப்பவர்களுக்கு இது இன்னும் உதவும். 'பாடல்' என்பதற்கு ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா, நடுவில் d-யா t-யா என்று நேற்று வைத்தது இன்று நினைவிருக்காது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் அடித்து, கூடவே ஆண்டைச் சேர்த்தால் பட்டியல் சுருங்கிவிடும்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தால் வேறு கூத்து. 'கி' நெடிலாகி 'கீ' ஆனால் நமக்கு ஒரு பிழை. கணினி ஒவ்வொரு குறியீட்டையும் சில பைட்டுகளாகவே சேமிப்பதால், பைட் பைட்டாக எண்ணும் கருவிக்கு இரண்டு. 'கொ' இன்னும் மோசம். அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பைட் கணக்கிலோ நான்கு பிழை. பொதுவாக லினக்ஸ் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் தனித்தனி ஃபைலாக வைத்துக்கொள்ளும். என்னிடம் 'கொள்முதல்' என்று அப்படி இரண்டு இருக்கின்றன. விசைப்பலகையில் ஒன்றை அடித்துத் தேடினால் மற்றது வராது. அதனால் 'ள்முதல்' என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.