பேட்டன்ட் பட்டியலில் முதலிடம், சரி. அப்புறம்?

காப்புரிமை விண்ணப்பத்தில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம் என்ற செய்தியை வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். எண்ணில் பொய்யில்லை. 2022-23இல் இங்கிருந்து போனவை 7,686. மகாராஷ்டிரமே நமக்குப் பின்னால்தான். எனக்கும் பெருமைதான். ஆனால் அதை வைத்து ‘கண்டுபிடிப்பில் நாமே முன்னோடி’ என்று மார்தட்டுபவர்கள், இந்த விண்ணப்பங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் பார்த்துவிட்டுத் தட்டலாம்.

2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். 1,600 ரூபாய் இருந்தால் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிடலாம். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. உரிமை கிடைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானாலே கணக்கில் வரும். அப்படி வெளியாக அதில் புதுமை இருக்கிறதா என்று யாரும் பரிசோதிக்க வேண்டியதில்லை. 18 மாதம் பொறுத்தால் தானாக வெளிவரும். அவசரமென்றால் படிவம் 9 கொடுத்துக் கூடுதல் பணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்தது. சென்னையைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் வரும் பேட்டன்ட் இதழைப் புரட்டினால் ஒரு தனி ரகம் கண்ணில் படும். கண்டுபிடிப்பாளர்கள் எட்டுப் பேர், ஆளுக்கொரு கல்லூரி. தலைப்பில் செயற்கை நுண்ணறிவும் ஐ.ஓ.டி.யும் பிளாக்செயினும் ஒன்றாக நிற்கும். வரைபடம் என்று பார்த்தால் நான்கு கட்டம், நடுவில் அம்புக்குறி. இதில் பெயர் சேர்க்க வாட்ஸ்அப்பில் விளம்பரமே வருகிறது, தியேட்டர் டிக்கெட் மாதிரி முதல் பெயருக்கு ஒரு ரேட், கடைசிப் பெயருக்கு ஒரு ரேட். வாங்கும் ஆசிரியர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இன்க்ரிமென்ட் நேரத்தில் ‘பேட்டன்ட் எத்தனை?’ என்று கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இன்னொரு பக்கம் சிறு பட்டறைகள் நிறைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆர்டர் கொடுத்த கம்பெனியின் டிராயிங்கைப் பார்த்து, ஒரு பீஸை மெஷினில் மாட்டிக் கழற்றும் நேரத்தைப் பாதியாக்கும் ஃபிக்சரை (பீஸைப் பிடித்து வைக்கும் அமைப்பை) அங்கே ஒருவர் தானே யோசித்துச் செய்து வைத்திருப்பார். பேட்டன்ட் போட மாட்டார். போட்டால் அதன் சூட்சுமத்தை எழுதி ஊருக்கே காட்ட வேண்டும், அப்புறம் பக்கத்துப் பட்டறைக்காரர் மேல் கேஸ் போட்டு அலைய வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு லாபம். இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அம்பத்தூரில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஊர்க் கணக்கிலும் ஒரு சிக்கல். ஏதர் மின்சார ஸ்கூட்டரின் ஆரம்பம் சென்னை ஐ.ஐ.டி. வளாகம், அலுவலகம் பெங்களூரு, தொழிற்சாலை ஓசூர். மாநிலக் கணக்கு விண்ணப்பதாரரின் முகவரியைப் பார்த்துத்தான் ஏறும். அதில் பெங்களூரு என்று இருந்தால் கர்நாடகத்துக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான். (சிலர் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு வரும் மொத்த விண்ணப்பங்களையும் சென்னையின் சாதனையாக எழுதுகிறார்கள். பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி எல்லாம் அந்த அலுவலகத்துக்குள்தான் அடக்கம்.)

அதற்காக எண்ணவே கூடாது என்கிறேனா? இல்லை, வேறொன்றை எண்ணுங்கள் என்கிறேன். உரிமை கிடைத்தபின், விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு தொடங்கி வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், 20 ஆண்டு வரை. பெரிய கம்பெனிக்கு ஆரம்பத்தில் 4,000 ரூபாய், கடைசி ஐந்து வருடம் 40,000. காசு வராத சரக்குக்கு எந்த முதலாளியும் பத்து வருடம் கட்டணம் கட்ட மாட்டார். பத்தாம் ஆண்டிலும் உயிரோடு இருக்கும் காப்புரிமைகள் எந்த மாவட்டத்தில் எத்தனை என்று அரசு ஒரு பட்டியல் போடட்டும். அதில் முதலிடம் வந்தால் நானே பட்டாசு வெடிக்கிறேன்.

கவுன்சிலிங் சமயத்தில் கல்லூரி விளம்பரத்தில் ‘500 பேட்டன்ட்’ என்று பார்க்கும் பெற்றோர்கள், அதில் உரிமை கிடைத்தது எத்தனை, இன்றைக்கும் கட்டணம் கட்டிவருவது எத்தனை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டு நீங்களே தேடலாம். இலவசம்தான்.