ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்ஃபரினை நிறுத்தினால் போதாது

"இரண்டாவது இதய வால்வு ஆபரேஷனும் முதல் தடவை மாதிரிதான், வார்ஃபரினை முந்தின நாள் ராத்திரி நிறுத்தினால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தின் வேலை குறையவே சில நாள் பிடிக்கும். வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்லி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் (செயற்கைப் பொருளால் செய்த) வால்வு உள்ளவர்களுக்கு, குறிப்பாக அது மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்தால், இடைப்பட்ட நாட்களில் பெரும்பாலும் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்தைத் தருவார்கள். இல்லாவிட்டால் வால்விலேயே ரத்தம் உறையலாம். நிறுத்தும் தேதியை உங்கள் மருத்துவர் குறித்துத் தரட்டும், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

"முதல் தடவை மாதிரி" என்பதும் சரியில்லை. முதல் ஆபரேஷனின் தழும்புத் திசுவால் இதயம் மார்பெலும்பின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எலும்பை அறுக்கும்போதே வலது வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் வலது கீழறை) கிழியும் ஆபத்து உண்டு. சி.டி. ஸ்கேன் எடுப்பது இதயத்துக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கத்தான். மிக நெருக்கமாக இருந்தால், மார்பைத் திறக்குமுன்பே தொடை ரத்தக்குழாய் வழியாக ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தை இணைப்பார்கள். ரத்தமும் கூடுதலாகத் தயார் வைப்பார்கள்.

பல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புது வால்வில் போய் உட்காரலாம். பழைய ஆபரேஷன் குறிப்பும் வால்வின் வகை, அளவு எழுதிய அட்டையும் கையில் இருக்கட்டும்.