உங்களுக்குத் தெரியாததை யார் சுமப்பது?

எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே ஆட்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த 2019 படம் ஒவ்வொரு மே மாதமும் முகநூலில் மறுபடி சுற்றும். உடனே இரண்டு கட்சி கிளம்பும். "காசு இருந்தா போதும், ஷெர்பா தூக்கிட்டுப் போய் உச்சியில வெச்சிடுவார்" என்பது ஒன்று. "மனசுல உறுதி இருந்தா எந்த மலையும் ஏறலாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே மலையைப் பார்க்காத பேச்சு. காசு கொடுத்தாலும் யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். 7,000 மீட்டருக்கு மேல் மயங்கி விழுந்த ஒருவரைக் கீழே இறக்கவே ஒரு கூட்டம் வேண்டும். மன உறுதியோ, திரும்ப வேண்டிய நேரத்தில் ஆளைத் திரும்பவிடாமல் செய்வதிலும் கெட்டிக்காரன்.

வழிகாட்டிக் குழுவோடு பணம் கட்டி ஏறுவதில் கேவலம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஆனால் ஒரு கணக்கு உண்டு. மலையில் செய்தாக வேண்டிய வேலையின் மொத்த அளவு மாறுவதில்லை. நீங்கள் செய்யாத வேலையை, உங்களுக்குத் தெரியாத வேலையை, இன்னொருவர் செய்கிறார். அவர் பெரும்பாலும் நேபாளத்தின் சோலுகும்புவிலோ கோர்க்காவிலோ மக்காலு பக்கத்திலோ பிறந்தவர். 'ஷெர்பா' என்பது ஒரு சமூகத்தின் பெயர், வேலையின் பெயர் அல்ல. அந்த வேலையில் ராய், தாமாங், குருங், மகர் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஷெர்பா என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

மனாஸ்லுவை எடுத்துக்கொள்கிறேன். நேபாளத்தின் கோர்க்கா மாவட்டம், 8,163 மீட்டர், உலகின் எட்டாவது உயரம். 1956 மே 9 அன்று ஜப்பானின் தோஷியோ இமானிஷியும் கியால்சென் நோர்புவும் முதலில் ஏறினார்கள். இன்று 'முதல் எட்டாயிரம்', அதாவது ஒருவர் ஏறும் முதல் 8,000 மீட்டர் சிகரம், என்று அதிகம் விற்கப்படும் மலைகளில் இதுவும் ஒன்று. 2022 இலையுதிர் பருவத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்டோர் அனுமதி வாங்கினார்கள். விளம்பரங்களில் 'எளிய எட்டாயிரம்' என்று போடுகிறார்கள். கயிற்று வேலையைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் எளிது வேறு, ஆபத்தில்லாதது வேறு. ஏறும் பருவம் செப்டம்பர், அதாவது மழைக்காலத்தின் வால். புதுப்பனி இறுகாமல் சரிவில் உட்கார்ந்திருக்கும். 2012 செப்டம்பர் 23 அதிகாலையில் மூன்றாம் கேம்ப் மேல் பனிச்சரிவு இறங்கியபோது கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 11 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பர் 26 அன்றும் பனிச்சரிவு. அனூப் ராய் என்ற நேபாளத் தொழிலாளி அதில் இறந்தார்.

பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி ஊர் சாமாகாவ், 3,500 மீட்டர் அளவு. பேஸ் கேம்ப் 4,800 மீட்டருக்கு மேல். கேம்ப் 1 ஏறத்தாழ 5,700, கேம்ப் 2 6,300, கேம்ப் 3 6,800, கேம்ப் 4 7,400. வேலை வாங்கும் பகுதி கேம்ப் 1க்கும் 2க்கும் நடுவே. பிளவுகள், அவற்றின் மேல் ஏணிகள், தொங்கும் பனிக்கட்டிச் சுவர்கள், ஜூமார் (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) இல்லாமல் ஏற முடியாத செங்குத்துகள். அங்கே நிற்கக் கூடாது, வேகமாகக் கடக்க வேண்டும். கயிறு மாற்றத் தெரியாத ஒருவர் முன்னால் நின்றால், பின்னால் முப்பது பேர் அந்தச் சுவருக்குக் கீழே காத்துக்கிடப்பார்கள். வாடிக்கையாளர் பயணம் முழுவதிலும் அந்த இடத்தைச் சில முறைதான் கடக்கிறார். கேம்ப்களுக்குக் கூடாரம், கேஸ், உணவு, ஆக்சிஜன் என்று சுமை ஏற்றுபவர் அதைப்போலப் பல மடங்கு கடக்கிறார்.

இனி ஆக்சிஜன். விலைப்பட்டியலில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வழக்கமான உருளை 4 லிட்டர் கொள்ளளவு. முழுதாக நிரப்பினால் ஏறத்தாழ 1,100 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் ஒன்பது மணி நேரம், 3 லிட்டர் என்றால் ஆறு மணி, 4 லிட்டர் என்றால் நாலரை மணி. கேம்ப் 4இலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப 12 மணி நேரம் என்று வையுங்கள். 3 லிட்டரில் போனால் இரண்டு உருளை, சொட்டு மிச்சமில்லாமல். முந்தின இரவு தூங்க நிமிடத்துக்கு அரை லிட்டரிலிருந்து 1 லிட்டர், அதற்கு இன்னோர் உருளையில் பாதி வரை போகும். கேம்ப் 3இலிருந்தே முகமூடி போட்டு ஏறுவீர்கள் என்றால் அதற்கும் தனி. ஆக மூன்று என்பது எல்லாம் சரியாக நடந்தால் போதும் என்ற எண். நாலு என்பது ஏதாவது தவறினாலும் தாங்கும் எண். உங்கள் கையில் வந்த சலுகை விலைத்தாளில் "2 உருளை" என்றிருந்தால், குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: உடன் வரும் ஷெர்பாவுக்கு எத்தனை? அவருக்கு ஒன்றே ஒன்று என்றால், உங்களுக்குத் தீர்ந்துபோகும் நேரத்தில் அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார். பலமுறை நடந்திருக்கிறது. இதைத் தியாகம் என்று உருகி எழுதுகிறோம். நான் அதை நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்பேன். நிறைந்த உருளை ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேல். அதையும் அவர்தான் சுமந்திருப்பார்.

ஒரு சின்ன விஷயம். பேஸ் கேம்ப் வெயிலில் 280 பார் அழுத்தம் காட்டிய உருளையின் அளவி, மைனஸ் 25 டிகிரியில் 240க்குப் பக்கத்தில் காட்டும். கசிவு என்று பதறாதீர்கள், குளிரில் வாயுவின் அழுத்தம் குறைகிறது. உண்மையான சிக்கல் முகமூடியில். மூச்சின் ஈரமும் எச்சிலும் வெளிமூச்சு வால்வில் உறைந்துவிடும். மேலே காற்றுக் கசிந்து வெயில்கண்ணாடியில் ஆவி படியும். ஒன்றும் தெரியவில்லை என்று கண்ணாடியைக் கழற்றுவார்கள். அடுத்த சில மணி நேரத்தில் பனிக்குருடு. பார்வை போனவரை இறக்குவது யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. வால்வைத் தட்டி ஐஸை உடைக்கவும், ரெகுலேட்டரைக் கழற்றி வேறு உருளையில் மாட்டவும் பேஸ் கேம்பிலேயே கையுறையோடு பழகுங்கள்.

உயரத்தில் விழுந்து இறந்தவர்களில் பலரும் கயிறில்லாத இடத்தில் விழுந்தவர்கள் அல்லர். கயிறு பக்கத்திலேயே இருக்கும், அதில் அவர்கள் இருக்கமாட்டார்கள். கட்டிய கயிற்றை ஒவ்வொரு நீளத்துக்கும் ஓர் ஆங்கரில், அதாவது பனியில் இறக்கிய பிடிமானத்தில், முடிந்திருப்பார்கள். அங்கே ஜூமாரைக் கழற்றி அடுத்த நீளத்தில் மாட்ட வேண்டும். முறை இது: ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு குட்டைக் கயிற்று வால்கள், ஒன்றில் ஜூமார், மற்றதில் பூட்டுள்ள கார்பினர் என்ற கொக்கி. ஆங்கரை அடைந்ததும் முதலில் கார்பினரைக் கழற்றி முடிச்சுக்கு அப்பால் மாட்டி, பூட்டி, இழுத்துப் பார். அதன் பிறகே ஜூமாரைக் கழற்றி அப்பால் மாட்டு. எந்த நொடியிலும் இரண்டில் ஒன்று கயிற்றில் இருக்க வேண்டும். இறங்கும்போது ஃபிகர் எய்ட்டோடு (கயிற்றில் இறங்கும் வேகத்தை அடக்கும் எட்டு வடிவ வளையம்) இதே கதை தலைகீழாக. விபத்து அதிகம் அங்கேதான், ஏனென்றால் கை மரத்திருக்கும், மூளை மந்தமாக இருக்கும், வீட்டு நினைப்பு வந்திருக்கும். பழைய ஆண்டுகளின் கயிறுகளும் பக்கத்தில் தொங்கும். வெயிலில் வெளுத்த அவற்றில் எடை போடக் கூடாது. இத்தனையும் தெரியாத ஒருவருக்கு ஒவ்வோர் ஆங்கரிலும் ஷெர்பா குனிந்து மாட்டிவிடுகிறார், ஒரு நாளில் நூறு தடவையாவது. அந்த நூறு தடவையும் அவர் தன் கையுறையைப் பாதி கழற்றுகிறார்.

எங்கே கற்பது? இந்தியர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலயன் மவுண்டனீயரிங் இன்ஸ்டிட்யூட், உத்தரகாசியின் நேரு இன்ஸ்டிட்யூட், மணாலி, பஹல்காம் என்று நாலு இடம். அடிப்படைப் பயிற்சி நாலு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் குறைய. அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சி. கட்டணம் மனாஸ்லு செலவில் ஒரு துளி. பிறகு ஒரு 6,000: நேபாளத்தில் ஐலண்ட் பீக் (6,189), மேரா (6,476). பிறகு ஒரு 7,000: ஹிம்லுங் (7,126) அல்லது லடாக்கின் சன்ஸ்காரில் நுன் (7,135). இந்த நடுப்படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். 7,000 மீட்டரில் தன் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் எட்டாயிரத்துக்குப் போவது, வண்டியின் பிரேக்கை மலைப்பாதையில் சோதித்துப் பார்ப்பது போல. 7,000 மீட்டர் ஏறியவர்களுக்கு மட்டும் எவரெஸ்ட் அனுமதி என்ற யோசனையை நேபாளம் 2025இல் மசோதாவில் வைத்தது. எனக்கு முழுச் சம்மதம்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் இருட்டில் ஏறி இறங்கினேன் என்பவர்கள் இருக்கிறார்கள். காலுக்கு நல்ல பயிற்சி, இறக்கத்தில் முட்டியும் தெரியவரும். ஆனால் காற்றில்லாத இடத்தை அது கற்றுத்தராது. கேம்ப் 4இல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் ஏற்றுவது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, இதுதான் சட்டம். உயர நோய்க்கான மாத்திரை டயாமாக்ஸ், முன்தடுப்புக்கு 125 மில்லிகிராம் இரு வேளை. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லி ஆள் தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான், மற்றவை நேரம் வாங்கித் தருபவை. "தலைவலியா? இல்லையே" என்று குழுத் தலைவரிடம் பொய் சொல்பவர்கள்தான் நடு இரவில் நாலு பேரை எழுப்புகிறவர்கள்.

சாமான் பற்றிப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும், இரண்டே இரண்டு சொல்கிறேன். எட்டாயிரம் மீட்டர் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக, இரண்டு காலுறை போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் போகும். கிராம்பானை (பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம்) அதே பூட்ஸில் மாட்டி அரைமணி நேரம் நடந்து பாருங்கள். காட்மாண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுத்த பூட்ஸும் ஊரிலிருந்து கொண்டுபோன கிராம்பானும் பொருந்தாமல், கேம்ப் 1க்கு மேல் கழன்று விழுவது வருஷா வருஷம் நடக்கும் கூத்து.

உச்சி எது என்பதிலேயே மனாஸ்லுவில் ஒரு வழக்கு உண்டு. பல ஆண்டுகளாகக் கயிறு முன்னுச்சியோடு முடிந்துவிடும். பெரும்பாலோர் அங்கே படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். 2021இல் நேபாள மலையேறி மிங்மா ஜியின் குழு அதைத் தாண்டிப் பக்கவாட்டில் கடந்து உண்மையான உச்சிக்குப் போனது. மேலிருந்து எடுத்த ட்ரோன் படம் எல்லாவற்றையும் அம்பலமாக்கியது. 2022 முதல், ஏற்றங்களைப் பதிவுசெய்யும் ஹிமாலயன் டேட்டாபேஸ் உண்மையான உச்சியை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே "கயிறு எதுவரை போடுவீர்கள்?" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னும் எழுத்தில் கேட்க வேண்டியவை: என்னோடு வருபவர் சர்வதேசச் சான்று பெற்ற மலை வழிகாட்டியா, ஏற்ற உதவியாளரா? இதற்கு முன் எந்த எட்டாயிரங்கள்? திரும்பும் நேரம் எது, அதை முடிவு செய்வது யார்? "முடிவு வாடிக்கையாளரான உங்களுடையது" என்று பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம். உங்கள் காப்பீட்டில் உயர வரம்பு என்ன என்பதை நீங்களே படியுங்கள். மலைநடைக்கான பாலிசிகள் பல 6,000 மீட்டருக்குள் நின்றுவிடும், "கயிறு, கிராம்பான் கொண்டு ஏறுதல் நீங்கலாக" என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கும்.

உடன் வருபவரின் காப்பீட்டையும் கேளுங்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் ஒரே நாளில் இறந்தபோது அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். அந்தக் கோபத்தில்தான் அந்தப் பருவமே நின்றுபோனது. சட்டம் கட்டாயமாக்கிய தொகை பிறகு உயர்ந்தது. அதற்கு மேல் சொந்தமாகக் கட்டும் நிறுவனங்களும் உண்டு. கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

உச்சி போனஸில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. உச்சி தொட்டால் ஷெர்பாவுக்குத் தனித்தொகை, தொடாவிட்டால் குறைவு அல்லது ஒன்றுமில்லை என்பது வழக்கம். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வேண்டிய ஒரே மனிதருக்கு, அப்படிச் சொன்னால் நஷ்டம். 2023 அக்டோபரில் திபெத்தின் ஷிஷாபங்மாவில், உலகின் பதினான்கு எட்டாயிரம் மீட்டர் சிகரங்களையும் முடிக்கும் முதல் அமெரிக்கப் பெண் யார் என்ற போட்டியில் இருவர் ஒரே நாளில் ஏறினார்கள். பனிச்சரிவில் அந்த இருவரும் இறந்தார்கள். உடன் போன மிங்மார் ஷெர்பாவும் தென்ஜென் லாமா ஷெர்பாவும் இறந்தார்கள். பணம் கட்டும்போதே எழுதிக் கொடுங்கள்: கேம்ப் 4 வரை வந்துவிட்டால் போனஸ் முழுதாக அவருக்கு, அங்கிருந்து எந்த அடியில் திரும்பினாலும். இதை மேலே போய்ச் சொன்னால் பயனில்லை, காட்மாண்டுவிலேயே அவர் காதுபடச் சொல்ல வேண்டும்.

புறப்பட ஆறு மாதம் இருக்கிறதா? 10 மில்லிமீட்டர் கயிறு பத்து மீட்டர் வாங்கி, மாடிப்படிக் கைப்பிடியில் மூன்று இடத்தில் முடிந்து கட்டுங்கள். ஹார்னஸ், ஜூமார், கார்பினர், கைக்குத் தடித்த மிட்டன். விளக்கை அணைத்துவிட்டு, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. தினமும் இருபது தடவை. கார்பினர் முதலில், ஜூமார் பிறகு.