கிரந்திச் சாப்பாடும் சோரியாசிசும்

சோரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்கள் கத்தரிக்காயையும் தக்காளியையும் விலக்குவது நல்லது என்று, அந்நோயாளரின் உணவு பற்றிய கட்டுரையொன்று கூறுவதை வாசித்தபோது, முல்லைத்தீவில் எங்கள் வீட்டில் 11 வருடங்களாக நடப்பதே நினைவுக்கு வந்தது. அப்பாவின் முழங்கையில் வெள்ளிச் செதில்கள் தோன்றிய நாள் முதல், நந்திக்கடல் இறாலும் நண்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ‘கிரந்தி’ (தோல் நோயைக் கூட்டும் உணவு) என்று அவருடைய கோப்பையிலிருந்து அகற்றப்பட்டன. அவருக்கென்று அம்மா தனிச்சட்டியில் முருங்கையிலைச் சொதி வைப்பார். பின்னேரத்தில் அவர் குடிக்கும் கள்ளை மட்டும் எவரும் கிரந்தி என்று சொன்னதில்லை.

2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 1,206 நோயாளர்களில் 86 சதவீதமானோர் தம் உணவை மாற்றியதாகத் தெரிவித்துள்ளனர். கத்தரிக் குடும்பக் காய்களைக் குறைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பலன் கண்டதாகச் சொல்வதால், எங்கள் ஆச்சிமாரை முற்றாகப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அது நோயாளர்களின் வாய்மொழியேயன்றிப் பரிசோதித்து நிறுவப்பட்டதன்று. உடற்பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் நோய் தணியக்கூடும் என்பதையும், இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மெதோட்றெக்சேற் மாத்திரையை எடுப்பவர்களுக்கு மது ஈரலைப் பாதிக்கும் என்பதையும் நான் வாசித்த கட்டுரை ஒரே வரியில் கடந்திருக்கிறது. விரிவாக எழுத வேண்டியவை இவைதான். மதுவைப் பற்றிக் கிளினிக்கில் கேட்ட பிறகே அப்பா கள்ளை விட்டார். இறால் கறி போன மாதம்தான் அவருடைய கோப்பைக்குத் திரும்பியது.